டேட்டன்: ஒரே வகுப்பில் படித்த இரண்டு பேரின் ஊர்

அமெரிக்காவில் சுற்றிப் பார்க்க வேண்டிய ஊர்கள் என்று பட்டியல் போட்டால் நியூயார்க் வரும், நயாகரா வரும், சிகாகோகூட வரும். ஒஹையோ மாநிலத்தில் இருக்கும் டேட்டன் வராது. இரண்டு நாள் லீவில் டேட்டன் போகிறேன் என்று சொன்னபோது என் வகுப்பு நண்பன் சிரித்தான். "அங்கே என்னடா இருக்கு? சோளக்கொல்லையும் மூடின ஃபேக்டரியும்தானே?"

அவன் சொன்னது பாதி உண்மை. 1960 கணக்கெடுப்பில் டேட்டனின் மக்கள்தொகை சுமார் 2,62,000. 2020ல் அது 1,37,000தான். நூறு வருடத்துக்கு மேல் அந்த ஊரின் முதுகெலும்பாக இருந்த கல்லாப்பெட்டி (அதாவது கேஷ் ரெஜிஸ்டர்) கம்பெனி என்.சி.ஆர்., 2009ல் ஜார்ஜியாவுக்குப் போவதாக அறிவித்துவிட்டது. ஆனால் மீதிப் பாதி அவனுக்குத் தெரியாது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். டேட்டனில் பொழுதுபோக்கு நிறைய இருக்கிறது. ஆனால் ஒரு பழைய போட்டோவை மனதில் வைத்துக்கொண்டு சுற்றினால்தான் அந்த ஊர் புரியும்.

1890ல் எடுத்த வகுப்பு போட்டோ அது. சென்ட்ரல் ஹைஸ்கூல் மாணவர்கள் கூட்டமாக நிற்கிறார்கள். பின்வரிசையில் ஒல்லியாக ஒரு பையன், பெயர் ஆர்வில் ரைட். ஆமாம், விமானம் கண்டுபிடித்த அதே ஆர்வில்தான். அதே பின்வரிசையின் ஓரத்தில் இன்னொரு பையன். வகுப்பில் இருந்த ஒரே கறுப்பின மாணவன், பால் லாரன்ஸ் டன்பார். இந்த இரண்டு பேரும் நண்பர்கள். இருவரையும் பற்றிய இடங்கள் ஒரே தேசிய வரலாற்றுப் பூங்காவின் கீழ் இருக்கின்றன (1992ல் அமைத்தது). சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. சைக்கிள் கடை

ஊரின் மேற்குப் பகுதியில், வில்லியம்ஸ் தெருவில், செங்கல்லில் கட்டிய ஒரு சாதாரண இரண்டு மாடிக் கட்டிடம். 1895 முதல் 1897 வரை ரைட் சகோதரர்கள் இங்கேதான் சைக்கிள் கடை நடத்தினார்கள். அவர்களுக்கு நிறைய கடைகள் இருந்தன. விமானத்தின் பாகங்கள் உருவான பிற்காலக் கடையை 1930களில் ஹென்றி ஃபோர்டு அப்படியே பெயர்த்து மிச்சிகன் மாநிலத்துக்குக் கொண்டுபோய்விட்டார். டேட்டனில் மிஞ்சி நிற்பது இந்தக் கடைதான். அனுமதி இலவசம்.

பக்கத்துக் கட்டிடத்தில் அவர்களுடைய அச்சகம் இருந்தது. சைக்கிளுக்கு முன்னால் அண்ணன் தம்பி செய்த தொழில் அச்சுத் தொழில். ஆர்வில் பள்ளியை முடிக்கவில்லை. அண்ணன் வில்பருக்கும் பள்ளி டிப்ளமோ கிடையாது. (பரீட்சைக்குப் படிக்காமல் இருக்க இதைக் காரணமாகச் சொல்லாதீர்கள், வீட்டில் அடி விழும்!)

இந்த அச்சகத்தில்தான் கதை ஆரம்பிக்கிறது. 1890 கடைசியில் டன்பார் ஊரின் கறுப்பின மக்களுக்காக 'டேட்டன் டாட்லர்' என்று ஒரு பத்திரிகை தொடங்கினான். அதை அச்சடித்துக் கொடுத்தது வகுப்புத் தோழன் ஆர்வில். சில இதழ்கள் வந்தன, காசு இல்லாமல் நின்றுபோனது. அப்போது டன்பாருக்கு வயது 18, ஆர்வில்லுக்கு 19.

2. கவிஞரின் வீடு

சைக்கிள் கடையிலிருந்து நடந்தே போகலாம். தெருவுக்கே இப்போது டன்பார் பெயர்தான்.

டன்பாரின் அப்பா, அம்மா இருவரும் கென்டக்கியில் அடிமைகளாக இருந்தவர்கள். அப்பா உள்நாட்டுப் போரில் வடக்கின் படையில் சேர்ந்து சண்டை போட்டவர். அம்மா மட்டில்டா பிறர் வீட்டுத் துணி துவைத்து மகனைப் படிக்கவைத்தார். மகனும் ஏமாற்றவில்லை. பள்ளிப் பத்திரிகைக்கு ஆசிரியர், இலக்கியச் சங்கத்துக்குத் தலைவர். 1891ல் ஒழுங்காகப் படிப்பை முடித்தான்.

அதற்கப்புறம்தான் ஊர் தன் முகத்தைக் காட்டியது. பத்திரிகை அலுவலகங்களில் வேலை கேட்டார். நிறத்தைப் பார்த்தார்கள், வேலை இல்லை என்றார்கள். கடைசியில் கிடைத்தது ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் இயக்கும் வேலை. வாரத்துக்கு 4 டாலர். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பள்ளியைப் பாதியில் விட்டவர் அச்சகம் வைத்து, சைக்கிள் கடை வைத்து, சொந்தப் பணத்தில் பரிசோதனை செய்தார். பள்ளியை முடித்தவர் லிஃப்டுக்குள் நின்றார். இதில் ஆர்வில் செய்த தப்பு எதுவும் இல்லை. தன்னால் முடிந்ததை அவர் செய்தார். ஆனால் இரண்டு பேருக்கும் ஊர் திறந்துவைத்த கதவு ஒன்றல்ல.

டன்பார் லிஃப்டிலேயே எழுதினார். 1893 என்று தேதியிட்டு வந்த முதல் புத்தகத்தை லிஃப்டில் ஏறுகிறவர்களிடமே ஒரு டாலருக்கு விற்றார்! 1896ல் வில்லியம் டீன் ஹவல்ஸ் என்ற பெரிய விமர்சகர் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'யில் பாராட்டி எழுத, ஒரே நாளில் நாடு முழுக்கப் பெயர். ஆனால் அதிலும் ஒரு சிக்கல். விமர்சகருக்குப் பிடித்தவை கறுப்பின மக்களின் பேச்சுவழக்கில் எழுதிய கவிதைகள். பதிப்பாளர்கள் அதையே கேட்டார்கள். செம்மையான ஆங்கிலத்தில் எழுதியவற்றை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. இத்தனைக்கும் மாயா ஏஞ்சலோ 1969ல் எழுதிய தன்வரலாற்றுக்குத் தலைப்பு எடுத்தது டன்பாரின் அந்த மாதிரிக் கவிதை ஒன்றிலிருந்துதான்.

1904ல் அம்மாவுக்காக இந்த வீட்டை வாங்கினார். காசநோய் முற்றி 1906 பிப்ரவரியில், 33 வயதில், இதே வீட்டில் இறந்தார். அம்மா 1934 வரை இங்கேயே வாழ்ந்தார். மகனின் அறையைக் கலைக்கவில்லை. சின்ன வீடுதான், அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஆனால் அந்த மேஜை முன்னால் நின்றபோது எனக்கு உடனே நகரத் தோன்றவில்லை.

3. மாடு மேய்ந்த விமானதளம்

1903 டிசம்பர் 17ல் கிட்டி ஹாக் கடற்கரையில் முதல் பறத்தல், 12 விநாடி, 120 அடி. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 12 விநாடி பறப்பது வேறு, நினைத்தபடி திருப்பி, வட்டமடித்து, பத்திரமாக இறங்குவது வேறு. அதைக் கற்றுக்கொண்டது டேட்டனுக்குக் கிழக்கே ஹஃப்மன் என்ற மேய்ச்சல் நிலத்தில். 84 ஏக்கர். நிலத்துக்காரர் வாடகை கேட்கவில்லை. போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: பறப்பதற்கு முன்னால் மாடு, குதிரைகளை ஓட்டிவிட வேண்டும்.

1904ல் இங்கே 105 முறை பறந்து பார்த்தார்கள். செப்டம்பர் 20ல் முதல் முழு வட்டம். 1905 அக்டோபர் 5ல் வில்பர் 39 நிமிடத்தில் 24 மைல் பறந்தார். பக்கத்திலேயே டிராம் தடம். வண்டியில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஆனால் ஊர்ப் பத்திரிகைகள் அலட்டிக்கொள்ளவில்லை. 1904 மே மாதம் நிருபர்களை அழைத்துக் காட்டப் போய், அன்று பார்த்து இயந்திரம் மக்கர் செய்துவிட்டது. அதற்கப்புறம் யார் வருவார்கள்? முதல் வட்டத்தை நேரில் பார்த்து விவரமாக எழுதியவர் தேனீ வளர்ப்பவர், பெயர் ஏமஸ் ரூட். அது வெளிவந்தது 1905 ஜனவரியில், அவருடைய தேனீ வளர்ப்புப் பத்திரிகையில்! மனிதன் வானத்தில் வட்டமடித்த செய்தியைத் தேன் விற்பவர்கள்தான் முதலில் படித்தார்கள்.

இன்று அங்கே பார்க்க என்ன இருக்கிறது? புல்வெளி, பழைய கொட்டகையின் மாதிரி, விமானத்தை உந்திவிட எடை கட்டித் தொங்கவிட்ட கோபுரத்தின் மாதிரி, அவ்வளவுதான். அந்த வெறுமைதான் அழகு. இடம் விமானப்படைத் தளத்துக்குள் இருப்பதால், போவதற்கு முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

4. காரில்லான் பூங்காவும் வெள்ளமும்

குடும்பத்தோடு போனால் அரை நாள் இங்கே ஓடிவிடும். டிக்கெட் உண்டு. மணிக்கூண்டு, பழைய ரயில் எஞ்சின்கள், 1796ல் கட்டிய மரவீடு, எல்லாம் இருக்கிறது. முக்கியமானது 1905ல் வில்பர் 24 மைல் பறந்த அதே விமானம். மாதிரி அல்ல, அசல். ஆர்வில் தன் கடைசிக் காலத்தில் கூடவே நின்று சீர்செய்யவைத்தது. 1948ல் அவர் இறந்தார், 1950ல் பூங்கா திறந்தது.

1913 வெள்ளத்தைப் பற்றியும் இங்கே தெரிந்துகொள்ளலாம். ஈஸ்டர் முடிந்த இரண்டாம் நாள், மார்ச் 25, மயாமி ஆறு கரையை உடைத்தது. கடைவீதியில் சில இடங்களில் 20 அடித் தண்ணீர். ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் 300க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போது என்.சி.ஆர். முதலாளி ஜான் பேட்டர்சன் தன் தொழிற்சாலையில் படகு செய்யச் சொன்னார். கிட்டத்தட்ட 300 படகு! தொழிற்சாலையே முகாம், ஆஸ்பத்திரி, சமையல்கூடம். வேடிக்கை என்னவென்றால், போட்டிக் கம்பெனிகளை முறைகேடாக நசுக்கினார் என்று அதற்கு முந்தைய மாதம்தான் அவருக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்திருந்தார்கள். (பிறகு மேல்முறையீட்டில் ரத்தானது.) நல்லவரா கெட்டவரா? வரலாறு அப்படி ஒரே வரியில் பதில் சொல்வதில்லை.

ரைட் வீட்டிலும் தண்ணீர் புகுந்தது. 1903 முதல் பறத்தலின் போட்டோ கண்ணாடித் தகடு கொட்டகையில் வெள்ளத்தில் கிடந்தது. மூலை மட்டும் சேதமாகி, படம் தப்பியது. கொஞ்சம் தவறியிருந்தால் அந்தப் புகழ்பெற்ற காட்சி நமக்குக் கிடைத்திருக்காது.

வெள்ளத்துக்குப் பிறகு மக்களே பணம் திரட்டி, 1922க்குள் ஐந்து அணைகள் கட்டினார்கள். இவை தண்ணீர் தேக்கும் அணைகள் அல்ல. சாதாரண நாளில் ஆறு அடியில் போய்க்கொண்டே இருக்கும், வெள்ளம் வந்தால் மட்டும் பிடித்து வைத்து மெல்ல விடும். அந்த ஆற்றங்கரையில் இன்று அருமையான சைக்கிள் பாதை. சுற்றுவட்டாரம் முழுவதும் சேர்த்து 300 மைலுக்கு மேல்! ரைட் சகோதரர்களின் ஊரில் சைக்கிள் ஓட்டாமல் திரும்பினால் பாவம்.

5. விமானப்படை அருங்காட்சியகம்

இதுவும் இலவசம். 350க்கு மேற்பட்ட விமானங்களும் ஏவுகணைகளும். கென்னடி பயணம் செய்த விமானத்துக்குள்ளேயே ஏறிப் பார்க்கலாம். ஒரு நாள் போதாது, வசதியான செருப்பு போட்டுக்கொண்டு போங்கள்.

இங்கே 'பாக்ஸ்கார்' என்ற விமானம் பளபளவென்று நிற்கிறது. 1945 ஆகஸ்ட் 9ல் நாகசாகியில் அணுகுண்டு போட்டது இதுதான். அன்று ஆர்வில் உயிரோடு இருந்தார். வயது 73. மாடுகளை ஓட்டிவிட்டுப் பறந்து பழகிய அந்த மேய்ச்சல் நிலம் இங்கிருந்து சில மைல்தான். இதே விமானப்படைத் தளத்தில்தான் 1995 நவம்பரில் மூன்று வாரம் பேசி, பாஸ்னியப் போரை நிறுத்தும் உடன்பாட்டுக்கு வந்தார்கள். குண்டு போட்ட விமானமும் போர் நின்ற மேஜையும் ஒரே ஊரில்!

6. கடைசியாக, உட்லண்ட்

பசித்தால் டேட்டன் பீட்சா சாப்பிடுங்கள். அப்பளம் மாதிரி மெல்லியது, சின்னச் சின்னச் சதுரமாக வெட்டித் தருவார்கள். நான்கு பேர் பங்கு போட்டால் சண்டை நிச்சயம்.

அப்புறம் சாயங்காலம் உட்லண்ட் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். "சுற்றுலாவில் சுடுகாடா?" என்று முகம் சுளிக்காதீர்கள். 1841ல் அமைத்த, மரங்கள் அடர்ந்த குன்று. உச்சியிலிருந்து ஊர் முழுவதும் தெரியும். படகு செய்த பேட்டர்சன் இங்கே இருக்கிறார். ரைட் குடும்பம் இருக்கிறது. டன்பாரும் இருக்கிறார்.

1909 ஜூனில் ரைட் சகோதரர்களுக்கு டேட்டன் இரண்டு நாள் திருவிழா எடுத்தது. ஊர்வலம், பதக்கம், வாணவேடிக்கை எல்லாம் உண்டு. டிராம் ஜன்னலில் பார்த்தும் நம்பாத அதே ஊர், ஐரோப்பா கைதட்டிய பிறகு கைதட்டியது. டன்பார் அப்போது இந்தக் குன்றில் மூன்று வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டை மாநில அரசு வாங்கி நினைவிடமாக்கியது 1936ல்.

இப்போது அந்த வகுப்பு போட்டோவை மறுபடி நினைத்துப் பாருங்கள். இரண்டு பேரும் ஒரே குன்றில் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஒருவருக்கு ஊர் தாமதமாகக் கண் திறந்தது. இன்னொருவருக்கு ரொம்பவே தாமதம். நம் வகுப்பின் பின்வரிசையில் நிற்பது யார் என்று நமக்கு மட்டும் தெரியுமா என்ன?

நண்பனுக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தேன். "அடுத்த லீவுக்கு நானும் வர்றேன்டா" என்றான். சைக்கிள் வாடகை அவன் தலையில்!