கொடாநிலை: லினக்ஸ் திரையின் பொதுவிதி

'டீஃபால்ட்' என்பதற்குத் தமிழ்க் கணிமையில் முன்னிருப்பு, இயல்பிருப்பு, கொடாநிலை என மூன்று சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் கொடாநிலையே எனக்கு உவப்பானது. பயனர் ஒன்றும் கொடாதபோது எது நிற்குமோ அதுவே கொடாநிலை. சிறப்புவிதி தடுக்காத இடமெல்லாம் பொதுவிதி சென்று பரவுவதைப் போன்றது இது. லினக்ஸ் வழங்கல்களின் வரைகலை அமைப்புகள் இப்பொதுவிதியை எவ்வாறு பெற்றன என்பது தனித்து ஆராயத்தக்க வரலாறு.

1990களில் பொதுவிதி என்று ஒன்று இருந்ததாகவே சொல்ல இயலாது. எக்ஸ்ஃபிரீ86 அமைப்புக் கோப்பில் திரையின் கிடைமட்ட, செங்குத்து அதிர்வெண்களைப் பயனரே எழுதவேண்டும். பிழையான எண் பழைய குழாய்த் திரையைப் பழுதாக்கக்கூடும் என்ற எச்சரிக்கையும் உடன் இருந்தது. எனவே ஐயம் எழுந்தபோதெல்லாம் வழங்கல்கள் வெசா இயக்கியையும் தாழ்ந்த தெளிவுத்திறனையும் நாடின. 2000இல் தோன்றிய நாப்பிக்ஸ், வன்பொருளைத் தானே கண்டறிய முடியும் என்று காட்டியது. 2009 மார்ச்சில் வெளிவந்த 2.6.29 கெர்னலில் இன்டெல் வரைகலைக்கான திரைமுறைத் தேர்வு கெர்னலுக்குள்ளேயே இடம்பெற்றது.

இதற்கிடையில் வேறொரு சிக்கல் முளைத்தது. உபுண்டு 7.10 (2007 அக்டோபர்), தகுதியான வன்பொருளில் காம்பிஸ் முப்பரிமாண விளைவுகளைக் கொடாநிலையாக்கியது. 2011இல் வந்த குனோம் 3 முடுக்கியுள்ள வரைகலை அட்டையை எதிர்பார்த்தது. அஃது இல்லாதவர்க்கென்று வைத்திருந்த மாற்றுநிலையும் 2013இல் 3.8 பதிப்போடு நீங்கியது. உபுண்டுவும் யூனிட்டி 2டியை 12.10இல் கைவிட்டது. அட்டை செய்யவேண்டிய பணியை மையச் செயலியே எல்எல்விஎம்பைப் வழியாகச் சுமக்கும் என்பது அளிக்கப்பட்ட விடை. புதிய கணினி உடையவர்க்கு அது விடைதான்.

டெபியன் 2013 நவம்பரில் எக்ஸ்எஃப்சிஇக்கு மாறி, 2014 செப்டம்பரில் குனோமுக்கே மீண்டது. மீண்டதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல்தன்மையும் ஒன்று. அழகு, வேகம் என்ற இரண்டை மட்டுமே வைத்து வழக்காடுவோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

டெபியனின் முடிவு நமக்கு அயலானது அன்று. சென்னை சி-டாக் உருவாக்கி 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் டெபியனை அடியாகக் கொண்டது. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசும் பாஸும் ஒரே கணினியில் சேர்த்து வழங்கப்பட்டன. (எது முதலில் திறக்கும் என்பதும் ஒரு கொடாநிலையே.) தடாவிலிருந்து ஆரம்பாக்கம் வந்தாலே அம்மாவட்டம். எல்லைக்கு இப்புறம் தமிழ் பேசும் மாணவர்க்குக் கிட்டாத தமிழ்த்திரை அப்புறத்தில் பள்ளிதோறும் சென்றது.

அத்திரையில் தமிழ் எவ்வாறு தெரிந்தது என்பதே எனக்கு முதன்மையான வினா. தாழ்ந்த தெளிவுத்திறன் இலத்தீன் எழுத்தை அவ்வளவாகச் சிதைப்பதில்லை. தமிழிலோ ணகரத்துக்கும் னகரத்துக்கும் இடையே நிற்பது ஒரு சுழி. மெய்யை உயிர்மெய்யினின்று பிரிப்பது ஒரு புள்ளி. சில படப்புள்ளிகள் மங்கினால் 'மனம்' எது, 'மணம்' எது என்று கண் தடுமாறும். எழுத்துருச் சீரமைப்பின் கொடாநிலையைச் சட்டமும் தீர்மானித்தது. ட்ரூடைப் குறிப்பாணைகள்மீது ஆப்பிளுக்கு இருந்த காப்புரிமை 2010இல் முடிந்த பின்னரே, ஃபிரீடைப் 2.4 அவற்றைக் கொடாநிலையில் இயக்கியது. மடிக்கணினித் திட்டம் தொடங்குவதற்கு ஓராண்டு முன்னர்தான் இது நிகழ்ந்தது.

வளர்ந்த பயனர் அமைப்பை மாற்றிக்கொள்வார். பதினொன்றாம் வகுப்பில் முதன்முதலாகக் கணினியைத் திறப்பவர் மாற்றமாட்டார். கண்டதையே தமிழின் வடிவம் என்று கொள்வார். ஆதலால் வரைகலை அமைப்பை வெறும் பொறியியல் செய்தியாக ஒதுக்குவது பிழை என்பேன். எழுத்து வரலாற்றில் அதற்கும் இடமுண்டு.

அம்மடிக்கணினிகளுள் ஏதேனும் பாஸ் பகுதியோடு இன்றும் இயங்கும் நிலையில் எவரிடமேனும் இருப்பின் தெரிவியுங்கள். அழிப்பதற்கு முன் எழுத்துருப் பட்டியலையும் திரைப்பிடிப்புகளையும் எடுத்துவைக்க வேண்டும்.