சூலகப் புற்றுநோய்: குடல் அறுவை சிகிச்சைக்குப் பின் கவனிக்க வேண்டியவை

சூலகப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரிய அறிகுறி எதையும் காட்டுவதில்லை. வயிறு உப்புவதையும் சிறிது உண்டாலே வயிறு நிறைந்துவிடுவதையும் வாயுத் தொல்லை என்று பலர் விட்டுவிடுகின்றனர். அதனால், பெரும்பாலோருக்கு மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் நோய் தெரியவருகிறது.

அந்நிலையில் புற்றுநோய் பெரும்பாலும் வயிற்றின் உட்சவ்விலும் குடலின் மேற்புறத்திலும் பரவியிருக்கும். கண்ணுக்குத் தெரியும் கட்டி எதையும் விட்டுவைக்காமல் அகற்றுவதே அறுவை சிகிச்சையின் நோக்கம். அதற்காகச் சிலருக்குக் கருப்பை, சூலகத்துடன் குடலின் ஒரு பகுதியையும் வெட்டியெடுக்க நேரிடுகிறது. சூலகத்துக்கு அருகில் இருக்கும் பெருங்குடலின் கடைசிப் பகுதியும் மலக்குடலின் மேற்பகுதியுமே அதிகம் அகற்றப்படுகின்றன.

இணைப்பில் கசிவு

வெட்டிய குடலின் இரு முனைகளையும் மருத்துவர்கள் மீண்டும் இணைப்பார்கள். அந்த இணைப்பு விட்டுப்போய், மலம் வயிற்றுக்குள் கசிவதே மிகவும் அஞ்சப்படும் சிக்கல். இது பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே ஏற்படுகிறது. ஆனால், ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். மறு அறுவை சிகிச்சை தேவைப்படலாம், கீமோதெரபி தள்ளிப்போகும். அந்தத் தாமதம் நோய் மீண்டும் வளர இடம் கொடுத்துவிடும்.

இரத்தத்தில் அல்புமின் எனும் புரதம் குறைந்தவர்கள், புகைப்பவர்கள், குடலில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வெட்டப்பட்டவர்கள், ஆசனவாய்க்கு மிக அருகில் இணைப்பு அமைந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். பெவாசிசுமாப் மருந்து காயம் ஆறுவதைத் தடுக்கக்கூடியது. அதனால், பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு குறைந்தது 28 நாள்களுக்கு அது கொடுக்கப்படுவதில்லை.

தற்காலிகப் பை

ஆபத்து அதிகம் என்று கருதினால், சிறுகுடலை வயிற்றுத் தோலுக்கு வெளியே திறந்து பை பொருத்துவார்கள். இதற்கு ஸ்டோமா என்று பெயர். கசிவு ஏற்பட்டாலும் பாதிப்பின் கடுமையை இது குறைக்கும். பல மாதங்களுக்குப் பிறகு, பலருக்கு அது மூடப்படுகிறது. பையில் நீர்போல அதிகமாக வெளியேறினால் உடலில் நீரும் உப்பும் குறைந்து சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

குடல் சில நாள்கள் இயங்காமல் இருப்பது, காயத்தில் கிருமித்தொற்று, காலில் இரத்தம் உறைதல், பின்னாளில் அடிக்கடி மலம் கழிக்க நேர்வது ஆகியவையும் ஏற்படலாம்.

உடனே மருத்துவமனைக்கு

கசிவு பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் வெளிப்படும். நோயாளி அதற்குள் வீடு திரும்பியிருக்கக்கூடும். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, வயிறு வீங்குதல், படபடப்பு, தொடர் வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த மருத்துவச் சந்திப்பு வரை காத்திருக்கக்கூடாது. வலி மாத்திரை கொடுத்துப் படுக்கவைப்பதும் தவறு. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன், குடலை வெட்ட நேருமா, பை பொருத்தப்படுமா, முதலில் கீமோதெரபி கொடுத்துவிட்டு அறுவை சிகிச்சை செய்யலாமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது. அம்மாவுக்கு ஆங்கிலமோ மலாயோ சரளமாக வராவிட்டால், பிள்ளைகளில் ஒருவர் உடன் சென்று கேட்டுத் தமிழில் எடுத்துச்சொல்லலாம்.