கேபிள் துண்டிப்பும் இணையத் தடையும்: சேத்தியாத்தோப்பு வட்டாரம்

கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பிலும் அதைச் சுற்றியுள்ள புவனகிரி, சிதம்பரம், வடலூர், காட்டுமன்னார்கோவில் பகுதிகளிலும் கண்ணாடி இழைக் கேபிள் அறுந்து இணையமும் கைப்பேசித் தொடர்பும் நின்றுபோவதைப் பற்றியது இக்கட்டுரை. நாட்டில் இணையம் மந்தமானால் நாளிதழ்கள் செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் வரைபடம் போட்டுக் காட்டும். அது பொய்யில்லை; ஆனால் வெள்ளாற்றங்கரை ஊர் ஒன்றில் நெட் நிற்பதற்குக் கடலடிவரை போய்த் தேட வேண்டிய நாள் மிகக் குறைவு. காரணம் பெரும்பாலும் தார்ச்சாலையின் ஓரத்தில், ஆறடிக்குள் கிடக்கும். அல்லது தலைக்கு மேலே மின்கம்பத்தில் தொங்கும்.

ஊரும் பாதையும்

சேத்தியாத்தோப்பு வெள்ளாற்றங்கரையில் அமைந்த பேரூராட்சி. விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, வடலூர் வழியாகக் கும்பகோணம், தஞ்சாவூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையும், விருத்தாசலம்–சிதம்பரம் சாலையும் இங்கே சந்திக்கின்றன. ஊருக்குள் ரயில் பாதை கிடையாது. இது சாதாரணச் செய்தி போலத் தோன்றும். ஆனால் தண்டவாளத்தை ஒட்டிக் கேபிள் பதிக்கும் ரயில்டெல் போன்ற நிறுவனங்களின் தடம் கடலூர்–சிதம்பரம்–மயிலாடுதுறை ரயில் பாதையோடு போய்விடுகிறது. சேத்தியாத்தோப்புக்குக் கிடைப்பது சாலையோரம் மட்டும்தான்.

அந்தச் சாலையோரத்தில் கூட்டம் அதிகம். வீராணம் ஏரித் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுபோகும் புதிய வீராணம் திட்டத்தின் பெருங்குழாய், 2004 முதல், சேத்தியாத்தோப்பிலிருந்துதான் வடக்கே 200 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. அதோடு உள்ளூர்க் குடிநீர்க் குழாய்கள், மழைநீர் வடிகால், மின்வாரியக் கம்பங்கள், பிஎஸ்என்எல் விட்டுச்சென்ற பழைய செம்புக் கேபிள், அதன் பக்கத்திலேயே வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு ஆண்டில் பதித்த இழைக் கேபிள்கள். ஒருவர் வந்து பள்ளம் தோண்டினால் மற்றவர் சொத்துக்கு ஆபத்து. ஆற்றுப் பாலங்களில் நிலைமை இன்னும் நெருக்கம்: கேபிளைப் புதைக்க மண் இல்லாததால் இரும்புக் குழாய்க்குள் செருகிப் பாலத்தின் பக்கவாட்டில் பொருத்துகிறார்கள். பாலத்தை இடித்துக் கட்டும்போது, அதில் போகும் அத்தனை கேபிள்களையும் ஒருசேர இடம் மாற்ற வேண்டும்.

அறுபடும் விதம்

தொலைத்தொடர்புத் துறையின் பழைய வழக்கப்படி இழைக் கேபிளை 1.65 மீட்டர் ஆழத்தில், தடித்த பிளாஸ்டிக் குழாய்க்குள் இழுத்துப் பதிக்க வேண்டும். மேலே எச்சரிக்கை நாடா, தரையில் பாதைக் கல், இணைப்பு உள்ள இடத்தில் தனி அடையாளம் என்று எல்லாம் ஏட்டில் உண்டு. சாலையை உயர்த்தியும் ஓரத்தை வெட்டியும் வேலை நடந்தபின் அந்த 1.65 மீட்டர் எங்கே இரண்டரையானது, எங்கே அரை மீட்டரானது என்று யாரும் திருத்தி எழுதுவதில்லை. பாதைக் கல்லும் முதல் மண் தள்ளலிலேயே சாய்ந்துவிடும்.

விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலையை நான்கு வழியாக்கும் பணி விக்கிரவாண்டி–சேத்தியாத்தோப்பு, சேத்தியாத்தோப்பு–சோழபுரம், சோழபுரம்–தஞ்சாவூர் என மூன்று தொகுப்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஏறத்தாழ 165 கிலோமீட்டர். முதல் தொகுப்பு மிகவும் பின்தங்கி, பல ஆண்டுகள் இழுத்தது. இப்படி இழுக்கும் சாலைப் பணியில் ஒரே இடத்தைப் பலமுறை தோண்டுவார்கள்: ஒருமுறை மரம் வேரோடு பிடுங்க, ஒருமுறை வடிகாலுக்கு, பிறகு சிறுபாலத்துக்கு, கடைசியில் மின்கம்பம் மாற்ற. ஒவ்வொரு முறையும் கேபிளுக்குக் கண்டம். இந்த வட்டாரத்தில் மண் வெட்டும் இயந்திரத்துக்கும் பஞ்சமில்லை. நெய்வேலிச் சுரங்கம் பக்கத்தில் இருக்கிறது. 2023 ஜூலையில் பரவனாறு மாற்றுக் கால்வாய்க்காக வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்வயலில் பொக்லைன்கள் இறங்கியதை மாநிலமே பார்த்தது.

பொக்லைன் வாளி கேபிளை வெட்டுவதைவிட இழுப்பதுதான் மோசம். வாளிப் பல்லில் மாட்டிய கேபிள் சில அடி இழுபட்ட பிறகே அறும். அந்த இழுவை குழாய்க்குள் ஓடி, சில நூறு மீட்டர் தள்ளியிருக்கும் பழைய இணைப்பையும் பிய்த்துவிடும். பள்ளத்தில் கண்ணுக்குத் தெரிந்த அறுப்பைச் சரிசெய்து முடித்த பிறகும் தொடர்பு வராமல் பணியாளர் விழிப்பதற்கு இதுதான் காரணம்.

மேலே தொங்கும் கேபிளுக்கு வேறு எதிரிகள். வீட்டு இணைப்பு பெரும்பாலும் முன்னாள் கேபிள் டிவிக்காரர் வழியாகத்தான் வருகிறது. அவர் மின்கம்பத்திலும் மாடிக் கைப்பிடியிலும் கட்டிக் கொண்டுவந்த கறுப்புக் கம்பி அது. சேத்தியாத்தோப்பில் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதால் அரவைக் காலத்தில் உயரமாகப் பாரம் ஏற்றிய கரும்பு வண்டிகள் ஊரைச் சுற்றும். அறுவடை முடிந்தால் வைக்கோல் லாரி. தாழ்ந்து தொங்கும் கம்பி எதில் மாட்டினாலும் ஒரு தெருவே இருட்டுதான். குப்பைக்கு வைத்த தீ, எலி, மரம் கழிப்பவரின் அரிவாள் ஆகியவையும் பட்டியலில் உண்டு. தேரோடும் வீதிகளில் குறுக்கே செல்லும் கம்பிகளை அவிழ்த்துவிட்டு, தேர் நிலைக்கு வந்ததும் மீண்டும் கட்டுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். அது சொல்லிவிட்டு வரும் தடை என்பதால் யாரும் கோபிப்பதில்லை.

கண்டுபிடிப்பதும் ஒட்டுவதும்

“அண்ணே, நெட் வரல” என்று போன் வந்தால் கேபிள்காரர் கேட்கும் முதல் கேள்வி, “செவப்பு லைட் எரியுதா?” மோடத்தில் ‘லாஸ்’ என்று குறித்த விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் ஒளியே வரவில்லை என்று பொருள். பச்சை எரிந்தும் நெட் இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் மேலே, நிறுவனத்தின் பக்கம்.

அறுந்த இடத்தைக் காண ஓடிடிஆர் என்ற கருவி உண்டு. அது இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பிவரும் சிதறல் ஒளியை அளக்கிறது. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். எனவே 1 கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மைக்ரோநொடி. திரையில் கோடு சட்டென விழும் இடத்தில் தொலைவு மீட்டர் கணக்கில் தெரியும். ஆனால் அது இழையின் நீளம், சாலையின் நீளம் அல்ல. வழியில் ஒவ்வொரு இணைப்புக் குழியிலும் பல மீட்டர் கேபிளைச் சுருட்டி வைத்திருப்பார்கள். சுருள் எங்கெங்கே, எவ்வளவு என்று தெரிந்த பழைய லைன்மேன் ஒருவர் கூட இருந்தால் நேராக இடத்துக்குப் போகலாம். அவர் ஓய்வு பெற்றுவிட்டால், கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் கொஞ்ச தூரம் தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

பிறகு ஒட்டு வேலை. இழுபட்டு அறுந்த கேபிளின் இரு முனையும் எட்டாது. நடுவே புதிய துண்டு போட வேண்டும். ஆகவே ஓர் அறுப்புக்கு இரண்டு இணைப்பு. 24 இழைக் கேபிள் என்றால் 48 ஒட்டு. இழைகளுக்கு நிற வரிசை உண்டு: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, இளஞ்சிவப்பு, இளநீலம். நீலத்தோடு நீலம் சேர வேண்டும். மாறினால் ஒரு வங்கியின் தடம் வேறொரு கைப்பேசிக் கோபுரத்தில் போய் நிற்கும். மேல்பூச்சைச் சுரண்டி, ஸ்பிரிட்டில் துடைத்து, நேராக நறுக்கி, ஒட்டும் கருவிக்குள் வைத்தால் மின்பொறி இரு முனையையும் உருக்கி ஒன்றாக்கும். இழையின் தடிமன் 125 மைக்ரோமீட்டர், தலைமுடி அளவு. ஒளி செல்லும் உட்கரு அதில் 9 மைக்ரோமீட்டர்தான். வெள்ளாற்றுப் பகுதிக் களிமண்ணில், ஐப்பசி மழையில், நீர் ஊறும் குழிக்குப் பக்கத்தில் தார்ப்பாய் விரித்துக் குடையின் கீழ் இந்த வேலை நடக்கிறது. தூசியோ ஈரமோ பட்ட ஒட்டு அன்றைக்கு வேலை செய்யும். சில மாதத்தில் மங்கும்.

வளையம் என்ற காப்பு

ஒரு கேபிள் அறுந்தாலும் சேவை நிற்காதிருக்க, நிறுவனங்கள் தொடர்பகங்களை வளையமாக இணைக்கின்றன. ஒருபக்கம் அறுந்தால் மறுபக்கமாகச் சுற்றிப் போகும். கடலூரிலிருந்து ஒரு தடம், சிதம்பரத்திலிருந்து ஒரு தடம் என்றால் இது நன்றாக வேலை செய்யும். ஆனால் இடத்துக்கும் சாலை அனுமதிக்கும் ஆகும் செலவைக் குறைக்க, போகும் தடத்தையும் வரும் தடத்தையும் ஒரே பள்ளத்தில் போடும் வழக்கம் இந்தியா முழுவதும் உண்டு. வரைபடத்தில் அது வளையம், மண்ணில் ஒற்றைக் கேபிள். இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கி வைத்திருக்கும் அலுவலகமும் சில நேரம் இதே பொறியில் மாட்டும்: இரு நிறுவனமும் மூன்றாவது ஒருவரின் இழையை வாடகைக்கு எடுத்திருக்கக்கூடும்.

கைப்பேசிக்கும் விதிவிலக்கு இல்லை. கோபுரத்திலிருந்து போன் வரைதான் காற்று. கோபுரத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இழைதான். அதனால்தான் முழுக் கோடு சிக்னல் காட்டியும் ரேஷன் கடையில் கைரேகைக் கருவி சுழன்றுகொண்டே நிற்கிறது. இ-சேவை மையம், நெல் கொள்முதல் பதிவு, 2018 முதல் முழுதும் கணினி வழியான பத்திரப்பதிவு, கடைகளின் கியூஆர் பணம் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும். பத்திரம் பதிய நாள் பார்த்து, சாட்சிகளோடு வந்தவர்களுக்கு நல்ல நேரம் கடந்துபோவது இணையத் தடையின் இழப்புக் கணக்கில் எங்கும் வராது.

புயலும் கம்பமும்

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. முந்திரியும் பலாவும் சாய்ந்தது போலவே மின்கம்பங்களும் வரிசையாகச் சாய்ந்தன. அன்று பல கோபுரங்கள் ஊமையானதற்குக் கேபிள் மட்டும் காரணமல்ல. மின்சாரம் இல்லை, பேட்டரி தீர்ந்தது, டீசல் கொண்டுபோகச் சாலை இல்லை. இந்த அனுபவத்துக்குப் பின் கடலோரப் பேரிடர் தணிப்புத் திட்டத்தில் கடலூர் நகரின் மின்கம்பிகளைப் புதைவடமாக்கும் பணி எடுக்கப்பட்டது.

பாரத்நெட் திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் டான்ஃபினெட் நிறுவனமோ, எதிர்த்திசையில், பெரும்பகுதி இழையை மின்கம்பங்களின் மேலேயே கொண்டுபோனது. இதைத் தவறென்று சொல்லிவிட முடியாது. மேலே போகும் கேபிள் மலிவு, விரைவு, அறுந்தால் கண்ணுக்குத் தெரியும், பொக்லைனுக்குச் சிக்காது. ஆனால் கடலூர் மாவட்டத்தில் புயல் அரிய நிகழ்வல்ல: தானேக்குப் பின் 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் என இரண்டும் புதுச்சேரி அருகிலேயே கரை கடந்தன. முதன்மைத் தடம் மண்ணுக்குள்ளும் கிளைகள் கம்பத்திலும் இருப்பதே இந்த மாவட்டத்துக்குப் பொருந்தும்.

கடலடிக் கேபிள்கள்

சென்னை கடலடிக் கேபிள்கள் கரையேறும் பழைய ஊர். சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் தந்திக் கேபிள் போட்டது 1870-இல். 1914 செப்டம்பரில் சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய எம்டன் கப்பல், அதே ஆண்டு நவம்பரில் கோகோஸ் தீவின் தந்தி நிலையத்தை அழிக்கவும் கேபிளை வெட்டவும் ஆள் இறக்கியபோதுதான் ஆஸ்திரேலியப் போர்க்கப்பலிடம் சிக்கிச் சிதைந்தது.

2004 ஆகஸ்டில் கொழும்புக்கு அருகே இந்தியச் சரக்குக் கப்பலின் நங்கூரம் ஒரு கடலடிக் கேபிளை அறுத்ததில் இலங்கையின் இணையம் ஏறக்குறைய முழுதும் முடங்கியது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே இரு கேபிள்கள் பழுதாகி இந்தியாவின் வெளிநாட்டுத் தடத்தில் பாதியளவு போயிற்று. 2016 டிசம்பரில் வர்தா புயலின்போது ஏர்டெல்லின் கடலடிக் கேபிள் ஒன்று சேதமானதால் வேகம் குறைந்தது. 2025 செப்டம்பரில் ஜெட்டா அருகே செங்கடலில் மீண்டும் அறுப்பு. இவற்றுள் இந்தியாவைப் பாதித்தவற்றிலும் சேத்தியாத்தோப்புக்காரர் கண்டது மந்தம்தான், முழு நிறுத்தம் இல்லை. மாற்றுத் தடமில்லாத சாலையோரக் கேபிள் அறுந்தால் மந்தம் என்ற இடைநிலையே கிடையாது.

மண்வெட்டியின் வலிமைக்கு உலகச் சான்றும் உண்டு. 2011 மார்ச்சில் ஜார்ஜியாவில் செம்புக் கம்பி தேடித் தோண்டிய 75 வயது மூதாட்டி ஒருவர் கேபிளை வெட்டியதில், பக்கத்து நாடான ஆர்மீனியா பல மணி நேரம் இணையமின்றிக் கிடந்தது.

சட்டமும் நடைமுறையும்

முன் அறிவிப்பின்றித் தோண்டுவதால் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று ஒன்றிய அரசு சொன்னது, 2023 மார்ச் 22 அன்று ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலியைத் தொடங்கியபோது. தோண்டப்போகிறவர் இடத்தைப் பதிந்தால், அங்கே கேபிளோ குழாயோ வைத்திருப்பவருக்குத் தகவல் போகும். 2023 தொலைத்தொடர்புச் சட்டம் கட்டமைப்பைச் சேதப்படுத்துவோரிடம் இழப்பீட்டோடு 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் பெற வகை செய்கிறது. புதிய வழியுரிமை விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளன.

தேசிய நெடுஞ்சாலை ஒப்பந்தக்காரரை இந்த ஏற்பாடு எட்டும். ஊராட்சிக் குழாய் உடைப்பைச் சரிசெய்யக் காலையில் பொக்லைனை மணி வாடகைக்குக் கூப்பிடுபவரை எட்டுவது கடினம். ஓட்டுநருக்கு மணிக்கணக்கில் கூலி. தண்ணீர் வராத தெருவே அவரைச் சுற்றி நிற்கும். செயலியில் பதிந்து பதிலுக்குக் காத்திருக்க அங்கே யாருக்கும் பொறுமை இருக்காது. எனவே இழை நிறுவனங்கள், சாலைப் பணி நடக்கும் இடங்களில், பாதைக் காவலர் என்று ஒருவரை இருசக்கர வண்டியில் நாள்தோறும் சுற்றவிடுகின்றன. இயந்திரம் நிற்கும் இடத்தில் இறங்கி, கேபிள் போகும் கோட்டைச் சுண்ணாம்பில் போட்டுக்காட்டி, ஓட்டுநரிடம் தன் போன் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் அவருடைய வேலை.