மீண்டெழுந்த நகரின் பதக்கம்

போரில் வென்றவர்க்குப் பதக்கம் சூட்டுதல் உலக வழக்கு. இயற்கை அழித்த நகரொன்றை மீண்டும் எழுப்பியவர்க்கு ஓர் அரசு பதக்கம் வழங்கிய வரலாறோ பலரும் அறியாதது.

1923 ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி, நண்பகலுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில், யப்பானின் தலைநகராகிய தோக்கியோவைப் பெருநிலநடுக்கம் உலுக்கியது. மதிய உணவு சமைக்கும் வேளை அது. அடுப்பு நெருப்பு மரவீடுகளைப் பற்ற, மாண்டோர் ஓரிலட்சத்தைக் கடந்தனர்.

மறுநாள் உள்நாட்டமைச்சராகப் பதவியேற்ற கொத்தோ சிம்பெய், மருத்துவம் பயின்றவர். பழைய நகரைப் பழையபடியே கட்டுதல் தகாது என்பது அவர் கொள்கை. அகன்ற வீதிகளும் பூங்காக்களும் கொண்ட பெருந்திட்டம் வகுத்தார். பாராளுமன்றம் பணத்தைக் குறைத்தது. சில மாதங்களில் அவர் பதவியும் நீங்கிற்று. எனினும் வேலை நிற்கவில்லை. சுமிதா ஆற்றின் மீது உறுதியான பாலங்கள் எழுந்தன. 117 பாடசாலைகள் கம்பியிட்ட கொங்கிறீற்றினாற் கட்டப்பெற்றன. பாடசாலைகளை அடுத்து 52 சிறு பூங்காக்கள் அமைந்தன. அவை நாளும் பிள்ளைகளுக்கு விளையாட்டிடம்; ஆபத்து நாளில் ஊருக்குப் புகலிடம்.

1930 மார்ச்சில் நிறைவு விழா நடந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில், மீளமைப்புப் பணியில் ஈடுபட்டோர்க்கென நினைவுப் பதக்கம் ஒன்று அரச கட்டளையால் நிறுவப்பெற்றது. கொத்தோவோ 1929 இலேயே காலமாகிவிட்டார். 1945 இல் குண்டுவீச்சு அந்நகரை மீண்டும் எரித்தது. ஆயினும் அன்று கட்டிய எய்த்தாய், கியோசு என்னும் பாலங்கள் இன்றும் மக்களைச் சுமந்து நிற்கின்றன.

நம் கடலும் சீறாத கடலன்று. 1964 டிசெம்பரில் நம் வடபகுதியைத் தாக்கிய புயல், தலைமன்னாரிலிருந்து நம்மவர் கப்பலேறிச் சென்றிறங்கிய தனுஷ்கோடியை அழித்தது. வாழத் தகாத இடமென அரசு அறிவித்தமையால் அந்நகர் மீண்டெழவில்லை. 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை வடமராட்சிக் கரையைத் தாக்கியது. அங்கோ மக்கள் மீண்டும் வீடு கட்டினர், வலை வீசினர், பாடசாலை மணியும் மீண்டும் ஒலித்தது.

மாண்டோரை நினைந்து ஆண்டுதோறும் விளக்கேற்றுகிறோம். அது நம் கடன். ஆனால், மீளக் கட்டிய கைகள் யாருடையவை? மேசன் யார், தச்சர் யார், மண் சுமந்த தாய் யார்? பதக்கம் வார்க்கப் பொன் வேண்டும். பெயர் எழுத ஒரு தாளும் சிறிது அக்கறையும் போதும். கரையோரப் பாடசாலைகளின் சம்பவத் திரட்டுப் புத்தகங்களில் அப்பெயர்கள் ஏறுமாயின், அதுவே நாம் சூட்டும் பதக்கமாகும். அறிந்தவர் உயிரோடிருக்கும் போதே கேட்டு எழுதிவிடுவோம்.