சைக்கிள் நகரமும் அது பெற்ற பரிசும்

மன்னர் பெயர்களையும் போர் நடந்த ஆண்டுகளையும் நாம் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். ஒரு நகரத்து வீதியில் யார் எப்படி நடந்தார்கள், எதன்மேல் ஏறிச் சென்றார்கள் என்பதை ஒருவரும் நமக்குக் கற்பிக்கவில்லை. எனினும் மக்களின் வாழ்வு பெரும்பாலும் வீதியிலேதான் கழிகிறது. நாம் பிழைப்பை நாடி வந்து, பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, இன்று சொந்த ஊர் என்று சொல்லவும் தயங்காத இப்புனே நகரம் 2020ஆம் ஆண்டுக்குரிய அனைத்துலகப் பரிசு ஒன்றைத் தன் வீதிகளுக்காகப் பெற்றது. நம் சங்கத்தார் பலருக்கு இச்செய்தியே தெரியாது. தெரிந்தவர்களும் நகைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். அந்த நகைப்பு எவ்வளவு நியாயம் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பம்பாயையும் பூனாவையும் இணைக்கும் இருப்புப்பாதையில் இப்பகுதி 1858இல் திறக்கப்பட்டது. போர்காட் மலைச்சரிவில் தடம் அமைந்து, இடையறாமல் வண்டி ஓடத் தொடங்கியது 1863இல். அந்நாளில் கஸ்பா, சனிவார், ரவிவார் முதலிய பேட்டைகளின் சந்துகளில் பல்லக்கும் மாட்டு வண்டியும் தவிர ஏனையவை கால்நடையே. 1885ஆம் ஆண்டு இவ்வூருக்குப் புகழ் சேர்த்த ஃபெர்குசன் கல்லூரி தோன்றியது. அதே ஆண்டில், இரு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவினதாய்ப் பின்சக்கரத்தைச் சங்கிலி சுழற்றும் ரோவர் வண்டியை இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பார் வெளியிட்டார். மூன்றாண்டு கழித்து 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கண்டார். கல்லூரியும் சைக்கிளும் ஒரே ஆண்டில் பிறந்தது தற்செயலே. ஆயினும் பிற்காலத்தில் இவ்வூரில் ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை என்னும்படி ஆயிற்று.

நடையைப் பற்றிச் சொல்லும்போது மகரிஷி கார்வேயை மறத்தல் தகாது. கைம்பெண்களின் கல்விக்காக அவர் அமைத்த இல்லம் 1900இல் நகருக்கு வெளியே ஹிங்கணே என்னும் சிற்றூருக்கு மாறியது. அவரோ ஃபெர்குசன் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். வகுப்பு முடிந்ததும், சாலை என்று சொல்லத் தகாத சேற்றுத் தடத்தில், நாள்தோறும் பல மைல் நடந்தே இல்லத்துக்குச் சென்று வந்தார். பாரத ரத்தினம் என்னும் விருதை 1958இல் பெற்று, நூறாண்டையும் கடந்து 1962 வரை வாழ்ந்த பெரியார் அவர். இன்று அவர் பெயரைத் தாங்கிய கார்வே சாலையின் தலைக்கு மேல் 2022 முதல் மெட்ரோ ஓடுகிறது. கீழே நடந்து கடக்க வேண்டியவர் கை கூப்பிக்கொண்டு வண்டிகளுக்கிடையே நுழைகிறார்.

மேடு பள்ளம் மிகாத நிலம், மிதமான வெயில், கல்லூரி மாணவர் கூட்டம், கிர்க்கி வெடிமருந்துச் சாலை, இராணுவப் பாசறைகள், பின்னர் பிம்ப்ரி பக்கத்துத் தொழிற்சாலைகள். இத்தனையும் ஓரிடத்தில் கூடினால் சைக்கிள் பெருகாதிருக்குமா? சங்கு ஊதும் நேரத்தில் சாலை முழுவதும் சைக்கிள் வெள்ளமாய் நகரும் என்று முதியோர் கூறுவர். மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடும் கடைகள் மூலைக்கு மூலை இருந்தன. இந்தியாவிலேயே 'சைக்கிள் நகரம்' என்னும் பெயர் பூனாவுக்கு வழங்கிற்று.

என் தகப்பனார் தஞ்சை மாவட்டத்திலிருந்து 1974இல் இரயில்வேப் பணியேற்று இங்கு வந்தவர். இரண்டாவது முறை ஊருக்குப் போய்த் திரும்பியபோது ஒரு ஹெர்குலிஸ் சைக்கிளை வாங்கி, சென்னை சென்டிரலில் பார்சல் பதிந்து, பம்பாய் மெயிலின் சாமான் பெட்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். 1949இல் நிறுவப்பெற்ற அம்பத்தூர்த் தொழிற்சாலையில் செய்த வண்டி அது. இங்கேயே கிடைக்கும் வண்டியை ஏன் அவ்வளவு தூரம் சுமந்து வந்தீர்கள் என்று நான் பின்னாளில் கேட்டதுண்டு. "நம்ம ஊர் வண்டி நம்மோடு வரட்டுமே என்று தோன்றிற்று அப்பா" என்றார். அந்த வண்டியின் முன்தண்டில் அமர்ந்துதான் நான் முதன்முதல் இந்நகரத்தைப் பார்த்தேன். கோர்ப்படிக் குடியிருப்பிலிருந்து காய்கறிச் சந்தைக்கும், முருகன் கோயிலுக்கும், இச்சங்கத்தின் பொங்கல் விழாவுக்கும் அதுவே எங்கள் வாகனம். பின்னால் அம்மா, முன்னால் நான், கைப்பிடியில் பை. சட்டம் இதற்கு இடங்கொடுத்ததோ இல்லையோ, அக்காலத்துக் காவலர் கண்டும் காணாதவர் போல் இருந்தனர்.

இச்சைக்கிள் வெள்ளத்தை வற்றச் செய்தது வெளியிலிருந்து வந்த பகை அன்று. ஆக்குர்டியில் பஜாஜ் தொழிற்சாலை எழுந்தது. 1972இல் சேத்தக் என்னும் ஸ்கூட்டர் வெளிவந்தது. இராணா பிரதாப்பின் குதிரைப் பெயர் பூண்ட அவ்வண்டிக்குப் பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களை நம்மில் பலர் அறிவோம். அதே ஆண்டில் லூனா என்னும் சிறு வண்டியும் வந்தது. சைக்கிள் நகரத்தின் சைக்கிளைத் துரத்திய வாகனங்கள் இந்நகரத்துக் கம்பெனிகள் செய்தவையே. 2018இல் இந்நகரில் பதிவான வண்டிகளின் தொகை 36 இலட்சத்தைத் தாண்டியது. மக்கள் தொகையோ ஏறக்குறைய 35 இலட்சம். தலைக்கு ஒன்றுக்கு மேல்! தொட்டில் குழந்தைக்கும் ஒரு வண்டி உண்டு என்றாகிறது.

யான் பார்சல் அலுவலகத்து எழுத்தன். எனக்கு நூலகத்தைக் காட்டிலும் பதிவேடே பழக்கம். யான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாணவரும் சிப்பாய்களும் சைக்கிளைப் பதிவு செய்ய வருவது வழக்கமாக இருந்தது. இன்று மேடையில் வரிசையாக நிற்பவை பெட்ரோலை வடித்துவிட்டுச் சாக்கும் வைக்கோலும் சுற்றிய மோட்டார் சைக்கிள்களே. எப்போதாவது ஒரு சைக்கிள் வந்தால் கூலியாட்களே அதைச் சுற்றி நின்று பார்க்கிறார்கள்.

இனி, பிற நாட்டார் செய்ததைச் சிறிது காண்போம். ஹாலந்து நாடு சைக்கிளுக்குப் பேர்போனது. அது இயற்கையாகவே அப்படி அமைந்தது என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அங்கும் மோட்டார் பெருகிச் சைக்கிள் ஒடுங்கிற்று. 1971ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 3,300 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் குழந்தைகள். தம் மகளை இவ்வாறு இழந்த பத்திரிகையாளர் ஒருவர் 1972இல் எழுதிய கட்டுரையிலிருந்து 'குழந்தைக் கொலையை நிறுத்துக' என்னும் இயக்கம் பிறந்தது. பெற்றோர் வீதியில் அமர்ந்து மறியல் செய்தனர். 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தவே, நவம்பர் 4ஆம் நாள் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் ஓட்டுவதை அரசாங்கம் தடுத்தது. வெறிச்சோடிய பெருஞ்சாலைகளில் குழந்தைகள் சக்கரச் செருப்பணிந்து ஓடினர். அக்காட்சியை ஒருமுறை கண்ட மக்கள் பழைய நிலைக்கு முழுதும் திரும்பிச் செல்ல இசையவில்லை. தனித் தடங்கள் ஊர்தோறும் எழுந்தன.

செல்வ நாட்டின் கதை நமக்கு உதவாது என்பார் உளர். அவர்களுக்குத் தென்னமெரிக்காவின் பொகோட்டா நகரத்தைக் காட்டலாம். அந்நகரில் 1974இல் தொடங்கிய பழக்கம் ஒன்றுண்டு. ஞாயிறுதோறும் காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை பெருஞ்சாலைகளை மோட்டாருக்கு அடைத்துவிட்டு, நடப்பவர்க்கும் மிதிப்பவர்க்கும் விட்டுவிடுவர். இன்று இவ்வாறு திறக்கப்படும் வீதிகளின் நீளம் 120 கிலோமீட்டருக்கு மேல். 1998இல் நகரத் தலைவரான பெஞ்ஞலோசா, நடைபாதையில் ஏறி நின்ற கார்களை அப்புறப்படுத்தி, ஏழைகளின் பேட்டைகள் வரை சைக்கிள் தடம் போட்டார். அவரைப் பதவியிலிருந்து இறக்கவே ஒரு கூட்டம் முனைந்தது. நியூயார்க்கில் அலுவலகம் கொண்ட போக்குவரத்துக் கழகம் ஒன்று, நகரங்களின் இத்தகைய முயற்சிகளைப் பாராட்ட 2005இல் ஒரு பரிசை ஏற்படுத்தியபோது, முதற்பரிசு பொகோட்டாவுக்கே சென்றது. பின்னர்ச் சியோல், பாரிஸ், லண்டன், நியூயார்க் முதலியன பெற்றன. நம் நாட்டில் முதலில் பெற்றது அகமதாபாத், 2010இல். அடுத்ததாக 2020ஆம் ஆண்டுக்குப் புனே.

புனே செய்தது யாது? 2006 டிசம்பரில், இந்தியாவிலேயே முதன்முதலாகப் பேருந்துக்கென்று தனித்தடம் வகுத்தது இந்நகரம். உடன் சைக்கிள் தடமும் போட்டது. அதனை வெற்றி என்று கூற இயலாது. தடத்தின் நடுவே மின்கம்பம் நின்றது, மரம் நின்றது, எஞ்சிய இடத்தில் கார் நின்றது. அத்தோல்வியைப் பாடமாகக் கொண்டனர் போலும். வீதி அமைப்புக்கான விதிமுறைகளை 2016இல் மாநகராட்சி வகுத்தது. ஜங்கிலி மகாராஜ் சாலையில் நடைபாதையை அகலப்படுத்தி, நிழல் மரத்தடியில் இருக்கைகள் அமைத்து, குழந்தைகள் ஆடவும் இடம் விட்டனர். 2017இல் நகரம் முழுமைக்குமான சைக்கிள் திட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு டிசம்பரிலேயே, கைப்பேசியால் பூட்டைத் திறந்து எடுத்துச் செல்லும் பொதுச் சைக்கிள்களும் வந்தன. அவற்றுள் பல சில திங்களிலேயே முட்செடிகளிலும் வாய்க்கால்களிலும் கிடந்தன. நடத்திய கம்பெனிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பழைய வாடகைக் கடைக்காரர் முகம் பார்த்து வண்டி தருவார்; முகமறியாத பூட்டை நம்பியது பிழை என்பது என் கருத்து. ஆயினும் ஜங்கிலி மகாராஜ் சாலை நின்றது. ஐயமுள்ளோர் மாலை 6 மணிக்குச் சென்று, அங்கு அமர்ந்திருக்கும் முதியோரை எண்ணிப் பார்க்கட்டும்.

2018ஆம் ஆண்டு மழைக்காலத்தில் என் தகப்பனார் வழக்கம்போல் அதே ஹெர்குலிஸ் வண்டியில் சந்தைக்குப் போனார். அவ்வழியில் சைக்கிளுக்கென்று சிவப்புத் தடம் ஒன்று உண்டு. அதில் கார்கள் வரிசையாக நின்றமையால் நடுச்சாலைக்கு இறங்கினார். பின்னால் வந்த வாகனம் இடித்துத் தள்ளிவிட்டு நில்லாமல் போயிற்று. இடுப்பெலும்பு முறிந்தது. ஆறு திங்கள் படுக்கை. பின்னர் எழுந்தார், சைக்கிளில் ஏறவில்லை. 2019ஆம் ஆண்டு நடுவில் பரிசுச் செய்தி வந்தபோது செய்தித்தாளை நான் உரக்கப் படித்துக் காட்டினேன். அவர் சிறிது நேரம் கூரையைப் பார்த்திருந்துவிட்டு, "ஊருக்குப் பரிசு, எனக்குக் கைத்தடி" என்று சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அன்று எனக்கும் சினம் மிகுந்தது. தகுதியற்றவர்க்குப் பரிசு தந்தார்கள் என்றே கருதினேன். பின்னர் எண்ணிப் பார்க்கையில், இப்பரிசு முடிந்த காரியத்துக்கு அன்று, முயற்சிக்கே என்பது விளங்கிற்று. அலுவலகத்திலும் 'நற்பணிச் சான்று' தருகிறோம். பெற்றவன் மறுநாளே பிழையில்லாமல் எழுதிவிடுவதில்லை. சான்று சுவரில் தொங்குவதால், பிழை செய்தால் கேட்க நமக்கு ஒரு வாய் கிடைக்கிறது. 'பரிசு பெற்ற நகரத்தின் தடத்தில் கார் நிற்பது ஏன்?' என்று மாநகராட்சிக்கு நான் எழுதிய கடிதங்கள் இதுவரை ஏழு. இரண்டுக்கு மறுமொழி வந்தது. ஒரு முறை, மூன்று நாள் வரை, தடம் காலியாக இருந்தது!

நம் தமிழகத்தை நோக்கினும் இத்தகைய முயற்சிகள் இல்லாமலில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991 முதல் நடந்த அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்ற பெண்கள் எத்தனை ஆயிரம்! கல் உடைக்கும் பெண் தன் குழந்தையைப் பின்னால் வைத்துத் தானே மிதித்துச் சென்றதைக் கண்டு முதலில் ஏளனம் செய்த ஆடவர் பின்னர் வாயடங்கினர். சென்னையிலும் 2014இல் நடப்பவர்க்கும் மிதிப்பவர்க்கும் முதலிடம் தரும் கொள்கையை மாநகராட்சி ஏற்றது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை திறக்கப்பட்டது. சென்ற ஆண்டு விடுமுறையில் அங்கு நடந்தேன். எதிரே வருவோர் மேல் இடிக்காமல் பாண்டி பஜாரில் நடக்கலாம் என்று என் பாட்டியாரிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டார்.

ஓர் இடைக்குறிப்பு. இரயில் நிலையத்தில் நடைமேம்பாலம் அமைப்பது வண்டி நிற்க முடியாது என்பதனால். சாலையில் மோட்டார் நிற்க முடியும். அங்கும் கிழவியை முப்பது படி ஏறச் செய்வது எவ்வகை நீதி என்று எனக்கு இன்றுவரை புலப்படவில்லை.

2021 டிசம்பர் 11ஆம் நாள் புனே மாநகராட்சி 'நடப்போர் நாள்' என ஒன்றைக் கொண்டாடியது. துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நெருங்கிய இலட்சுமி சாலையின் ஒரு பகுதியை அன்று வண்டிகளுக்கு அடைத்தனர். கணபதி ஊர்வலத்துக்கு அடைத்துப் பார்த்திருக்கிறோம். அன்று அடைத்தது வெறுமனே நடப்பதற்கென்றே. வியாபாரிகள் சிலர் முணுமுணுத்தனர். நான் தகப்பனாரை ஆட்டோவில் சாலை முனை வரை அழைத்துச் சென்றேன். கைத்தடியை ஊன்றி நடுச்சாலையில், ஆம், நடுச்சாலையிலேயே, நடந்தார். அவர் முதன்முதல் இவ்வூரில் அம்மாவுக்குப் புடவை எடுத்த கடை அங்கேதான் இருந்தது. அதைத் தேடிக்கொண்டே போனார். கடை இல்லை, அதன் பக்கத்துப் பாத்திரக் கடை இருந்தது. வழியில் சிறுவன் ஒருவன் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தான். தந்தை பின்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். தகப்பனார் நின்று பார்த்தார். "பிடியை விடச் சொல்லு, விட்டால்தான் வரும்" என்று தமிழில் உரக்கச் சொன்னார். அந்த மராட்டிய இளைஞருக்கு என்ன விளங்கிற்றோ, கையை எடுத்துவிட்டார்.

ஹெர்குலிஸ் வண்டி எங்கள் தாழ்வாரத்தில் நிற்கிறது. அதன் டயர்களை இந்தத் தையில் மாற்றினேன். என் மகள் ஒன்பதாம் வகுப்பு. அதைத் தானே பள்ளிக்கு ஓட்டிச் செல்வேன் என்கிறாள். அவள் செல்ல வேண்டிய வழியில்தான் அந்தச் சிவப்புத் தடம் இருக்கிறது. எட்டாம் கடிதத்தை எழுதி வைத்திருக்கிறேன். சங்கத்து அன்பர்கள் கையொப்பமிட்டால் இம்முறை ஒரு பெயருக்குப் பதில் பல பெயர்கள் போகும். தாள் விழா மண்டப வாயிலில், வரவேற்பு மேசைமேல் இருக்கும்.