லண்டன் பொலிஸும் மூன்று அறிக்கைகளும்

நீதி பிழைத்தது என்று மக்கள் குமுறும்போது, அரசாங்கம் விசாரணைக் குழு ஒன்றை நியமிப்பது வழக்கம். சாட்சிகள் அழைக்கப்படுவர்; பல நூறு பக்கங்கள் கொண்ட அறிக்கை வெளிவரும். அதனால் விளையும் பயன் யாது? இவ்வினாவுக்கு விடை காண விழைவோருக்கு லண்டன் மாநகரப் பொலிஸ் படையின் வரலாறு தக்கதோர் எடுத்துக்காட்டாகும். 1981 முதல் 2023 வரை, அப்படையின் நிறபேதத்தைப் பற்றி மூன்று பெரும் அறிக்கைகள் எழுதப்பட்டன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து தொழில் தேடி வந்தோர் பலர் தென் லண்டனிலுள்ள பிரிக்ஸ்டன் பகுதியிற் குடியேறினர். அவர்தம் பிள்ளைகள் வளர்ந்தபோது வேலையின்மை அவர்களை வாட்டியது. 1824ஆம் ஆண்டுச் சட்டமொன்றோ, வெறுஞ் சந்தேகத்தின் பேரில் எவரையும் தெருவிலே கைதுசெய்யப் பொலிஸாருக்கு இடங்கொடுத்தது. 1981 ஏப்ரலில், களவைத் தடுக்கும் நோக்குடன், சாதாரண உடையணிந்த பொலிஸார் சில நாள்களுள் 943 பேரை மறித்தனர். கைதானோர் 118 பேரே. மறிக்கப்பட்டோரிற் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பர். அம்மாதம் 10ஆம் திகதி பிரிக்ஸ்டனிற் கலவரம் மூண்டது. மூன்று நாள் நீடித்தது.

விசாரித்த ஸ்கார்மன் பிரபு, நவம்பரில் அறிக்கை வெளியிட்டார். தனிப்பட்ட பொலிஸார் சிலரிடம் நிறவெறுப்பு உண்டென ஒப்பிய அவர், அது நிறுவனத்தில் ஊறியது என்பதை ஏற்க மறுத்தார். எனினும் பயன் இல்லாமற் போகவில்லை. ஒருவரைச் சோதித்தால் அதன் காரணத்தைப் பதிவுசெய்ய வேண்டுமென 1984ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1824ஆம் ஆண்டுச் சட்டத்தின் அப்பிரிவு 1981இலேயே நீக்கப்பட்டது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1993 ஏப்ரல் 22ஆம் திகதி இரவு, எல்தம் பகுதியில், பஸ் வண்டிக்காகக் காத்திருந்த ஸ்டீவன் லோரன்ஸ் என்ற பதினெட்டு வயதுக் கறுப்பு இளைஞனை வெள்ளை இளைஞர் கூட்டமொன்று குத்திக் கொன்றது. கட்டிடக் கலைஞனாக வேண்டுமென்று கனவு கண்டவன் அவன். வந்த பொலிஸார் அவனுக்கு முதலுதவி செய்யவில்லை; உடனிருந்த நண்பனையே ஐயத்துடன் நோக்கினர். குற்றவாளிகள் எனக் கருதப்பட்டோரின் பெயர்கள் விரைவிலேயே கிடைத்தும், இரு வாரங்கள் வரை எவரும் கைதாகவில்லை. பெற்றோர் தாமே தொடுத்த வழக்கும் 1996இல் தோல்வியுற்றது.

அவர்களது இடையறாத முயற்சியால், 1997இல் சேர் வில்லியம் மக்பேர்சன் விசாரணைக்கு நியமிக்கப்பட்டார். 1999 பெப்ரவரியில் வெளிவந்த அவரது அறிக்கை, ஸ்கார்மன் மறுத்ததை உறுதிப்படுத்தியது. ஒரு நிறுவனத்தில் நிறபேதம் நிலவுவதற்கு அங்குள்ளோர் யாவரும் கொடியவராய் இருத்தல் வேண்டியதில்லை. அறியாமையும், சிந்தியாமையும், வழிவழி வந்த தப்பெண்ணமும் நடைமுறையிற் கலந்திருப்பின் அதுவே போதும் என்பது அதன் சாரம். சிபார்சுகள் 70.

அவற்றுட் சில சட்டமாயின. இனபேதத் தடைச் சட்டம் 2000இற் பொலிஸாரையும் கட்டுப்படுத்தியது. ஒரே குற்றத்துக்கு இருமுறை வழக்கில்லை என்ற பழைய விதி 2003இல் தளர்த்தப்பட்டது. அதன் பயனாக, முன்னர் விடுதலையான ஒருவரும் வேறொருவரும் புதிய விஞ்ஞானச் சான்றுகளால் 2012இற் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டனர். பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்த பெற்றோருக்கு ஓரளவேனும் நீதி கிட்டியது.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. மக்பேர்சன் விசாரணை நடந்த காலத்திலேயே, லோரன்ஸ் குடும்பத்துக்கு ஆதரவாயிருந்தோர் நடுவே பொலிஸ் உளவாளி ஒருவர் உலவியமை 2014இல் அம்பலமாயிற்று. வெள்ளையரினும் பல மடங்கு மிகுதியாகக் கறுப்பர் மறிக்கப்படுவதைப் பாராளுமன்றக் குழுவொன்று 2021இற் சுட்டிக்காட்டியது. அதே ஆண்டிற் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரே ஒரு பெண்ணைக் கடத்திக் கொன்றார். வேலியே பயிரை மேய்ந்த இக்கொடுமையை அடுத்து நியமிக்கப்பட்ட கேசி சீமாட்டி, 2023 மார்ச்சில் மூன்றாவது அறிக்கையை அளித்தார். நிறுவனத்தில் ஊறிய நிறபேதம் அகலவில்லை. பெண் வெறுப்பும் அதனோடு சேர்ந்துள்ளது என்பது அவர் கண்ட முடிவு. ஆணையாளர் அம்முடிவுகளை ஏற்றாராயினும், ‘நிறுவனத்தில் ஊறிய’ என்ற அடைமொழியைத் தாம் வழங்க மறுத்தார்.

இம்மூன்று அறிக்கைகளும் உணர்த்தும் பாடம் தெளிவானது. சட்டமாக்கப்பட்டவை நிலைத்தன, நிறுவனத்தின் நல்லெண்ணத்துக்கு விடப்பட்டவை தேய்ந்தன. அறிக்கை நோயின் பெயரைச் சொல்லும். மருந்தையும் எழுதித் தரும். அம்மருந்தை உட்கொள்ளச் செய்வது, அறிக்கை வெளியான மறுநாளும் அயராது கேள்வி கேட்கும் மக்களின் கடமையாகும். ஸ்டீவனின் பெற்றோர் செய்தது அதுவே.