தாங்கல் ஊரும் குடிநீர் வாரியமும்

வேடந்தாங்கல், பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல்... இந்தப் பெயர்களில் வரும் 'தாங்கல்' என்பது சிறிய ஏரியைக் குறிக்கும் சொல். ஐயப்பன்தாங்கலை ஒட்டிப் போரூர் ஏரி, மேற்கே சில கிலோமீட்டர் போனால் செம்பரம்பாக்கம். இத்தனை ஏரிகளுக்கு நடுவில் இருந்தும் சென்னையின் மேற்குப் புறநகர்கள் தண்ணீர் லாரியை நம்பி வாழப் பழகிவிட்டன. இது எப்படி நடந்தது?

சென்னைக் குடிநீர் வாரியம் 1978-ல் பிறந்தது. அதற்கு முன் மாநகராட்சிதான் குடிநீரைக் கவனித்து வந்தது. தனி வாரியம் வந்ததால் தொலைநோக்கோடு திட்டமிடலாம் என்பது எதிர்பார்ப்பு. ஓரளவு நடக்கவும் செய்தது. 1987-ல் சென்னைப் பெருநகரப் பகுதிக்கு நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கிணறு வெட்டவும், தண்ணீரை லாரியில் ஏற்றிப் போகவும் அனுமதி வேண்டும் என்றது அது. சட்டம் காகிதத்தில் இருந்தது, லாரிகள் ரோட்டில் ஓடின!

1990-களின் தொடக்கத்தில் இன்னொரு நல்ல காரியம். மணலியில் உள்ள எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் வாரியத்திடமிருந்து சுத்திகரித்த கழிவுநீரை வாங்கி, மேலும் சுத்தம் செய்து பயன்படுத்த ஆரம்பித்தன. இந்தியாவில் அப்போது இது அபூர்வம். ஆனால் வாரியத்தின் அடுத்த பெரிய அடி வரக் கிட்டத்தட்ட 30 வருடம் ஆனது.

நடுவில் வந்ததுதான் மழைநீர் சேகரிப்பு. 2003-ல், கடும் பஞ்சத்தின் போது, எல்லாக் கட்டிடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. சில மாதங்கள்தான் கெடு. குழாயும் சல்லியும் மணலும் வாங்கி அவசர அவசரமாகக் குழி தோண்டினார்கள். பெயருக்குக் குழாய் வைத்தவர்களும் உண்டு. 2005-ல் மழை கொட்டியது, கிணறுகளில் நீர்மட்டம் ஏறியது. அதில் மழையின் பங்கு எவ்வளவு, குழியின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். ஆனாலும் ஒரு அரசு, வீட்டுக்கு வீடு நீர்ப் பொறுப்பைக் கொண்டு போனது சின்ன விஷயம் இல்லை. அதே 2003-ல் மாநிலம் முழுமைக்கும் நிறைவேறிய நிலத்தடி நீர்ச் சட்டமோ, நடைமுறைக்கே வராமல் 2013-ல் ரத்தானது!

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள், அடையாற்றங்கரை மூழ்கியது. இரண்டே வருடத்தில், 2017-ல், மாங்காடு பக்கம் சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய நீரை எடுத்துச் சுத்திகரித்துக் குடிக்கக் கொடுக்கும் நிலை. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன் ரயிலில் 25 லட்சம் லிட்டர் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது.

அந்த வருடம்தான் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தினமும் மறுசுத்திகரிப்பு செய்யும் நிலையங்கள் வந்தன. கோயம்பேட்டு நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு. ஆலைகளுக்கு அது போகப் போக, அந்த அளவு ஏரித் தண்ணீர் குடிக்க மிஞ்சும் என்பது வாரியத்தின் கணக்கு.